யாருக்கும் கேட்காது

புகார் வந்த பாட்டை மூன்றாவது முறையாக ஓடவிட்டபோதுதான் அவளுக்கு அது கேட்டது. இரண்டாவது சரணம் முடிந்து வயலின்கள் தாழ்ந்த குரலில் உள்ளே வரும் இடம். அவை வருவதற்கு அரை நொடி முன்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கையிலிருந்த பேனா நின்றது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அறையில் ஏசியின் முனகல் தவிர ஒன்றுமில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு நான்கு நொடி பின்னால் தள்ளி ஓடவிட்டாள். அதே இடம், அதே உறிஞ்சல். சின்னதாக, கொஞ்சம் ஈரமாக, முடியும்போது ஒரு கேள்வி போல மேலே தூக்கிக்கொண்டு. ஒரு கூட்டமே மூக்கை உறிஞ்சினாலும் இந்த ஒன்றை அவளால் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியும். அந்த மூக்கு இருந்த வீட்டில்தான் அவள் பள்ளிக்கூடம் முடித்தாள். அது அவளுடைய அத்தானின், அக்கா கணவரின், மூக்கு.

காலையில் முதலாளி அறைக்குள் வராமல் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போயிருந்தார். "நம்ம வயலின் பேங்க்ல ஏதோ சளி பிடிச்ச மாதிரி சத்தம் வருதாம். வாங்கினவங்க புகார் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சுத்தம் பண்ணிக் குடுத்துடும்மா." பேங்க் என்று அவர் சொன்னது பணம் போடும் இடமல்ல. வாத்தியத்தின் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிந்து கம்ப்யூட்டரில் அடுக்கிவைத்த கிடங்கு. கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினால் அந்தக் கிடங்கிலிருந்து ஒரு சுரம் எழுந்து வரும். வாசித்தவர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. 'வாங்கினவங்க' என்ற சொல்லை அவள் காலையில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அது காதிலேயே உட்கார்ந்துகொண்டது. இந்தப் பாட்டு இந்த ஸ்டூடியோவில் செய்ததல்ல.

திரையில் பாட்டின் அலைவடிவம் ஒரு மரப்பலகை மாதிரி கிடந்தது. தலை முதல் வால் வரை ஒரே தடிமன். பாடகி கிசுகிசுக்கும் இடமும் ட்ரம்ஸெல்லாம் சேர்ந்து விழும் இடமும் பார்வைக்கு ஒன்றுதான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே திரையில் மேடும் பள்ளமும் தெரியும். பாட்டைக் கேட்காமலே எங்கே தணிகிறது, எங்கே எழுகிறது என்று சொல்லிவிடலாம். இப்போது தணிந்ததைத் தூக்கி, எழுந்ததை அமுக்கி, எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு ஒரே உயரத்தில் நிறுத்துவதுதான் வேலை. ஃபோனில் முந்தின பாட்டைவிட நம்முடையது சின்னதாகக் கேட்டுவிடக் கூடாது, வேறு காரணமே கிடையாது. அவளும் அப்படித்தான் செய்து கொடுக்கிறாள். இரண்டு பாட்டு முடித்தால் காதுக்குள் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கும். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் யாராவது பாட்டுப் போட்டால் கிடைத்த இடத்தையும் விட்டுவிட்டு முன்னால் போய் நின்றுகொள்வாள். இதில் ஒரு விநோதம் உண்டு. இப்படி இழுத்துத் தூக்கும்போது பாட்டு மட்டும் மேலே வருவதில்லை. பாட்டுக்கு அடியில் கிடந்த தூசும் தும்பும் நாற்காலி முனகலும் சேர்ந்தே மேலே வரும். பழைய மாதிரி பாட்டுக்கு மூச்சுவிட இடம் கொடுத்திருந்தால், அத்தானின் மூச்சு அடியிலேயே கிடந்திருக்கும்.

அந்த உறிஞ்சல் கெட்ட பழக்கமல்ல, அது அவருடைய உத்தியோகம். பதினான்கு வயலின்கள் ஒரே வில்லாக இறங்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் குறிப்புக் காட்ட வேண்டும். இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கும். வாயைத் திறந்தால் மைக் பிடித்துக்கொள்ளும். முதல் நாற்காலியில் இருக்கும் அத்தான் வயலினோடு சேர்த்துத் தலையை ஒரு அங்குலம் தூக்கி மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பார். இழுப்பு முடியும் இடத்தில் பதினான்கு வில்லும் கம்பியில் இருக்கும். குழுவில் அவருக்குப் பெயரே ஜலதோஷம். "ஜலதோஷம் வந்தாச்சா? அப்ப மைக்கைத் திறங்க" என்பார்கள். ஒரு தடவை அவருக்கு நிஜமாகவே ஜலதோஷம் பிடித்து, நினைத்த நேரமெல்லாம் உறிஞ்ச, ஆளுக்கு ஒரு பக்கம் நுழைந்து அரை நாள் வீணாகப் போன கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த உறிஞ்சலை ஒவ்வொரு பதிவிலிருந்தும் வெட்டி எடுப்பதுதான் அவள் இந்த ஸ்டூடியோவில் பழகிய முதல் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அத்தான்தான். எங்க சின்னவளுக்குக் காது நல்லாருக்கும் சார் என்று சொல்லி அழைத்து வந்தார். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். அக்காவுக்கும் அவளுக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை, மேலே அப்பா அம்மாவும் இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை முதலாளி அத்தானை மட்டும் வரச்சொன்னார். கூடத்தில் நாற்காலிகள் எப்போதும் போல வரிசையாக இருந்தன. முதல் நாற்காலியில் அவர், மற்றவை காலி. ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு சுரமாக, மெதுவாக ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை, பலமாக ஒருமுறை வாசிக்க வேண்டும். பாட்டில்லை, தாளமில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி ஒரு சுரம், நிறுத்தம், இன்னொரு சுரம். அத்தனைக்கும் முன்னால் ஒரு உறிஞ்சல். பாதி நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பேசும் பொத்தானை அமுக்கி, "அத்தான், தனியாத்தானே வாசிக்கிறீங்க? யாருக்கு சிக்னல்?" என்று கேட்டாள். அவர் திரும்பிக் காலி நாற்காலிகளைப் பார்த்தார். "அட, ஆமா" என்று சிரித்தார். அடுத்த சுரத்துக்கும் உறிஞ்சினார்.

சாயங்காலம் கையெழுத்துக்கான காகிதத்தை முதலாளி அவளிடம்தான் கொடுத்தனுப்பினார். அத்தான் அன்றைக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை. என்ன போட்டிருக்கு, நீயே படி என்றார். ஒரே தடவை கூலி, வழக்கமான நாள் கூலியைப் போல மூன்று மடங்கு. இந்த ஸ்டூடியோ செய்யும் பாட்டுகளுக்கு மட்டும்தான் பயன்படுத்துவார்கள், வெளியே போகாது. வரி விடாமல் படித்துச் சொன்னாள். 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டி அத்தான்' என்று அவளாகச் சேர்த்துக்கொண்டது மட்டும் காகிதத்தில் இல்லை. அவர் சட்டைப் பையைத் தடவிப் பேனா இல்லாமல் அவளுடையதையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு எதைச் செய்தாலும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைக்கும் வழக்கம். எந்த மைக், எவ்வளவு தூரம், என்ன குறை, என்ன செய்தாள். செய்தது சரிதானா என்கிற சந்தேகம் ராப்பகலாக அவளை விடாது. எழுதிவிட்டால் பாதிச் சந்தேகத்தை நோட்டு வாங்கிக்கொள்ளும். அலமாரியிலிருந்து அந்த வருஷத்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். அவளுடைய நெருக்கியடித்த கையெழுத்தில் இருந்தது: 'கனத்த கம்பி, மெது வரிசை. பதினேழு சுரத்திலும் மூச்சு சுரத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வெட்டினால் சுரத்தின் முனை போய்விடுகிறது. மூன்று முறை முயன்றேன். விட்டுவிட்டேன். இந்த அளவில் யாருக்கும் கேட்காது.'

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு குழுவை யாரும் நிறுத்தவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆயிற்று, பிறகு பெரிய பாட்டுக்கு மட்டும் என்று ஆயிற்று, பிறகு பெரிய பாட்டுக்கும் கீபோர்டே போதும் என்று ஆயிற்று. கூடத்தைத் தடுத்து இரண்டு அறையாக்கினார்கள். அத்தான் இப்போது ஒரு மின்சாதனக் கடையின் இரண்டாவது மாடியில் ஸ்பீக்கர் விற்கிறார். உள்ளங்கையில் அடங்குவதிலிருந்து இடுப்பளவு உயரம் வரை அங்கே ஸ்பீக்கர்கள் உண்டு. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை, மேலிடத்திலிருந்து வந்த நாற்பது பாட்டு சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். புகார் வந்த இந்தப் பாட்டும் அந்த நாற்பதில் ஒன்றாக இருக்கலாம் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. தோன்றியதும் நோட்டை மூடினாள்.

இருக்கலாம் என்பதற்கு இடமே இல்லாமல் அன்று சாயங்காலம் அக்கா ஃபோன் பண்ணினாள். உங்க அத்தான் ஒரு மாதிரி இருக்கார், வந்துட்டுப் போ என்றாள். என்ன மாதிரி என்று அக்காவிடம் கேட்க முடியாது. வந்து பாரு என்பாள்.

அத்தான் கடைச் சட்டையைக்கூட மாற்றாமல், மார்பில் பெயர் அட்டையோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். வயலின் பெட்டி அலமாரிக்கு மேலே இருந்தது. அதற்கு மேலே அக்கா போர்வைகளை அடுக்கியிருந்தாள். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன்னால் கடையில் ஒரு பாட்டில் தன் மூக்கு கேட்டதாம். மனப்பிரமை என்று விட்டுவிட்டாராம். அப்புறம் இன்னொரு பாட்டில். ஆக மொத்தம் நான்கு பாட்டு, நான்கும் வேறு வேறு இசையமைப்பாளர்கள், ஒன்றுகூட அந்த ஸ்டூடியோவில் செய்ததில்லை. வாத்தியக்காரர் சங்கத்துக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார். சங்கச் செயலாளர் ஒரு காலத்தில் ட்ரம்பெட் வாசித்தவர், தெருமுனை வரை கேட்கும் தொண்டை. 'சுரத்தைத்தானேய்யா வித்த, மூக்கை விக்கலையே' என்று முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். சிரித்து முடித்ததும் காகிதத்தின் நகலை வாங்கி இரண்டு தடவை படித்தாராம். வெளியே போகாது என்று எழுதியிருக்கிறது, வெளியே போயிருக்கிறது. இது ஒன்று ஜெயித்தால் உனக்கு மட்டுமில்லை, புல்லாங்குழல்காரர் முதல் அத்தனை பேருக்கும் பேச ஒரு வழி பிறக்கும் என்றாராம். ஆனால் அவர்கள் இது மெஷின் சத்தம் என்று சாதிப்பார்கள். அன்றைக்கு அங்கே இருந்த ஒருவர் இது ஆள்தான் என்று சொல்ல வேண்டும். சாட்சி இல்லாமல் போனால் நம் மேலேயே திருப்பி வழக்குப் போடுவார்கள். ஆளைக் கேட்டுவிட்டு நாளைக்குள் சொல்லு என்று அனுப்பியிருக்கிறார்.

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர். அத்தான் அதைச் சொல்லவில்லை. ஃபோனை எடுத்துப் பாட்டை அந்த இடத்துக்குத் தள்ளி மேஜைமேல் வைத்தார். டப்பாவுக்குள் மாட்டிய ஈ மாதிரி வயலின்கள் இரைந்தன. அந்த இரைச்சலுக்கு முன்னால், தெள்ளத் தெளிவாக, அது.

"இது நான்தானே?"

அவளுக்கு ஆமாம் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் அடுத்த வாரம் அந்த அறையின் சாவி அவளிடம் இருக்காது. இந்தத் தொழிலில் ஸ்டூடியோக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் ஃபோன் செய்துகொள்கிறவர்கள். வேறு சாவியும் கிடைக்காது. அதுகூடப் பரவாயில்லை என்று ஒரு கணம் நினைத்தாள். ஆமாம் என்பது ஆமாமோடு நிற்காது. அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டியவள் நான், அந்த மூச்சை விட்டுவைத்தவள் நான், வெள்ளிக்கிழமைக்குள் அதைத் துடைக்கப் போகிறவளும் நான் என்று சங்கிலி போல அத்தனையையும் இழுத்துக்கொண்டு வரும். கரண்டியைப் பிடித்தபடி அக்கா அடுப்படி வாசலில் நின்றாள்.

"தெரியல அத்தான்" என்றாள். "இப்பல்லாம் மெஷினே மூச்சு விடுது. நிஜம் மாதிரி இருக்கட்டும்னு அவங்களே சேர்த்துடுறாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த அவள் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா?" என்றார். "என்னை மாதிரியே பழக்கம் கெட்ட மெஷின் போல." பிறகு ஃபோனை அணைத்துவிட்டு, சாப்பிட்டுட்டுப் போ என்று எழுந்து சட்டை மாற்றப் போனார்.

அக்கா படிக்கட்டு வரை கூட வந்தாள். கீழ்ப்படியில் நின்று, "கையைப் பிரி" என்றாள். அவள் பிரித்தாள். "பொய் சொன்னா கட்டைவிரலை உள்ள மடக்கிக்குவ. ஆறாங்கிளாஸ்ல ஆரம்பிச்சது." அக்கா கோபமாகப் பேசவில்லை. கறிகாய் விலை சொல்கிற குரலில்தான் சொன்னாள். "நான் உன்னைத் தப்பு சொல்லலடி. அவருக்கு வேலை போனது போதும், உனக்கும் போகணுமா? ஆனா ஒரு மாசமா அந்த மனுஷன் தனக்குப் புத்தி கலங்கிடுச்சோன்னு பயந்துக்கிட்டிருக்கார். நீயும் இப்ப ஆமா, கலங்கிடுச்சுன்னு சொல்லிட்டுப் போற." தெருவில் இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்தாள். அக்கா படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை முதலாளியிடம் போய், வாங்கினவங்கன்னா யாரு சார் என்று கேட்டாள். கத்துவார் என்று நினைத்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஐந்து இசையமைப்பாளர்களுக்கு விற்றிருக்கிறார். இப்போது ஒரு பெரிய நிறுவனம் மொத்தமாகக் கேட்கிறது, அதற்குத்தான் இந்தச் சுத்தம். அவர் மறைக்கவில்லை. மறைக்காததால் அவளுக்கு மேலும் சங்கடமாக இருந்தது. "ஒரு பாட்டு பத்து லட்சம் தடவை ஓடினா எனக்கு என்ன வரும்னு தெரியுமா?" என்று மேஜைமேல் இருந்த டீக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். "இது. சர்க்கரை தனி." அவரே சிரித்தார். ஒன்றாம் தேதி தவறாமல் உனக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று நினைத்தாய் என்று கேட்டார். அதுவும் உண்மைதான். ஏழு வருஷத்தில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. எழுந்து கதவைத் திறந்தவர் நினைவு வந்தவர்போல நின்றார். சுத்தம் பண்ணி முடிச்சதும் பழைய ஒரிஜினல் எல்லாத்தையும் அழிச்சிடும்மா, இடத்தை அடைக்குது என்றார். டிஸ்க்கில் முக்கால்வாசி இடம் காலியாக இருப்பது இருவருக்கும் தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளால் முடியாதது இப்போது முடிந்தது. சத்தத்தைப் படமாக விரித்துக் காட்டும் புரோகிராம் வந்திருக்கிறது. சுரம் பிரகாசமான கோடுகளாகத் தெரியும், மூச்சு அதன் முன்னால் வெளிறிய பனிமூட்டம் மாதிரி. சின்ன தூரிகையால் பனியை மட்டும் தொட்டுத் தொட்டு எடுக்கலாம். கோட்டின் முனை அப்படியே நிற்கும். முதல் சுரத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்றாவதுக்குப் பிறகு கை பழகிவிட்டது. முடித்த ஒன்றைக் கேட்டுப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. முனை உடையவில்லை, நாதம் குறையவில்லை. ஆனால் கதவு திறந்த சத்தமே கேட்காமல் அறைக்குள் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது. மறுபடி கேட்டாள். தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா, எல்லாருக்கும் தோன்றுமா என்று தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் இவ்வளவு நேர்த்தியாக எந்த வேலையும் செய்ததில்லை என்பது மட்டும் தெரிந்தது. பதினேழாவது முடிந்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது.

ஒரிஜினல்களை அழிப்பதற்கு முன்னால் கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினாள். எதற்கென்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் செய்தாள். அந்தச் சனிக்கிழமையின் வெட்டாத பதிவு முழுக்கக் காப்பியாகி முடிந்தது. பிறகு அழித்தாள். நிச்சயமாகத்தானா என்று கம்ப்யூட்டர் ஒருமுறை கேட்டது. நோட்டைத் திறந்து தேதி போட்டு, 'பதினேழும் சுத்தம்' என்று எழுதினாள். 'ஒரிஜினல் அழித்தாயிற்று' என்று அடுத்த வரியில் எழுதினாள். மூன்றாவதாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அதை எழுதாமல் பேனாவை மூடிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி கேட்டுப் பார்த்துவிட்டு, துடைச்சு விட்ட மாதிரி இருக்கு என்று தோளில் தட்டினார். அவள் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சொல்லும்போதெல்லாம் கட்டைவிரல் வெளியே இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

கடையில் மத்தியானக் கூட்டம் இல்லை. இரண்டாவது மாடியில் அலமாரித் தட்டு முழுக்கச் சின்ன ஸ்பீக்கர்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு நீலப் பொட்டு வெளிச்சத்தோடு ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. கீழே இறங்கும் எஸ்கலேட்டர் வரை அந்தச் சத்தம் சுவர் மாதிரி நின்றது. ஓரத்தில், யாரும் வாங்காத இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் தூசி படாமல் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. அத்தான் ஒரு மனிதருக்கு உள்ளங்கை ஸ்பீக்கரைக் காட்டி, பாத்ரூம்ல வெச்சாக்கூட ஒண்ணும் ஆகாது சார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை. கண்ணால் இரு என்றார். பாட்டு மாறியது. அடுத்ததாக வந்தது அதுதான். இரண்டாவது சரணம் முடிந்தது. தட்டில் இருந்த அத்தனை ஸ்பீக்கரும் ஒன்றாக மூக்கை உறிஞ்சின. கடையில் யாரும் திரும்பவில்லை. அத்தானின் தலை மட்டும் ஒரு அங்குலம் மேலே போய் இறங்கியது. பேச்சு தடைப்படவில்லை, அது அவருக்கே தெரியாது என்று நினைத்தாள்.

அந்த மனிதர் யோசிச்சுட்டு வரேன் என்று தட்டுகளைச் சுற்றிப் பார்க்கப் போனார்.

"அது நீங்கதான் அத்தான்" என்றாள்.

அவர் கையிலிருந்த துணியால் ஸ்பீக்கரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். "தெரியும்" என்றார்.

அவள் கைப்பையிலிருந்து ஐந்து வருஷத்துக்கு முந்தைய அந்த நோட்டை எடுத்துத் திறந்து, அந்தப் பக்கத்தை நீட்டினாள். இந்தத் தடவை அவரிடம் கண்ணாடி இருந்தது. பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் விரலை நகர்த்திப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. "யாருக்கும் கேட்காது" என்று வாய்விட்டுப் படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்க. எனக்குத்தானே கேட்டுச்சு?"

துடைத்துக் கொடுத்ததையும் சொன்னாள். அழித்ததையும் சொன்னாள். பென் டிரைவை நோட்டின்மேல் வைத்தாள். செயலாளரிடம் இன்றைக்கே வருகிறேன், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றாள். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வாக்கியம் இதுதான், ஆனால் வெளியே வந்தபோது ஒத்திகை பார்த்த மாதிரி இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"நேத்து மத்தியானமே போயிட்டு வந்துட்டேன். புகாரைத் திரும்ப வாங்கிட்டேன். அது நான் இல்ல, தப்பாக் கேட்டுட்டேன்னு எழுதிக் குடுத்தாச்சு."

"ஏன் அத்தான்?"

"உன் கட்டைவிரலை உங்கக்காவுக்கு மட்டும்தான் தெரியுமா?"

ஸ்பீக்கர்களில் பாட்டு மாறி வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதா என்று கேட்க வாயெடுத்தாள். வாங்கலாமாக இருக்கும். ட்ரம்பெட் தொண்டைக்காரர் சிரிக்கக்கூடும், கோபப்படக்கூடும். உன் கையெழுத்தில் எதைய்யா நான் நம்பணும் என்று கேட்கக்கூடும். புல்லாங்குழல்காரருக்கும் மற்றவர்களுக்கும் இந்நேரம் தகவல் போயிருக்கும், ஜலதோஷத்துக்குக் காது போயிடுச்சு என்று. அவர் அதையும் கேட்டுக்கொண்டுதான் திரும்பி வந்திருப்பார். அவள் கேட்கவில்லை. அத்தான் பென் டிரைவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எவ்வளவு எடை இருக்கும் என்று பார்க்கிறவர் மாதிரி.

சுற்றிப் பார்க்கப் போன மனிதர் திரும்பி வந்தார். ஓரத்திலிருந்த பெரிய ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்து, இது எப்படி இருக்கும், ஏதாவது போட்டுக் காட்டுங்க என்றார். அத்தான் கொஞ்சம் யோசித்தார். பிறகு சுவரோரம் போய் ஒரு பொத்தானை அமுக்கினார். அத்தனை ஸ்பீக்கரிலும் பாட்டு நின்றது. இரண்டாவது மாடி திடீரென்று ஒரு பெரிய அறையாக மாறியது; எஸ்கலேட்டரின் முனகல், எங்கோ ஒரு விசிறி, படியில் யாரோ ஏறுகிற செருப்புச் சத்தம் எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. அவர் பென் டிரைவைப் பெரிய ஸ்பீக்கருக்கான பெட்டியில் செருகினார். சத்தத்தை ஏற்றவில்லை.

ஒன்றும் வரவில்லை. கூர்ந்து கேட்டால் ஒரு கூடத்தின் அமைதி மட்டும் இருந்தது, நாற்காலிகள் நிறைந்த, ஆளில்லாத அமைதி. அதற்குள் தூரத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல், கேலியாக, இளமையாக, யாருக்கு சிக்னல் என்று கேட்டது. ஒரு ஆள் சிரித்தார். அட, ஆமா. நாற்காலி ஒன்று லேசாக முனகியது. மறுபடி அமைதி.

"சத்தமே வரலையே" என்றார் அந்த மனிதர். "ஓடுதா இது?"

"இருங்க" என்று அத்தான் கையைத் தூக்கினார்.

தட்டில் வரிசையாக அத்தனை நீலப் பொட்டும் எரிந்துகொண்டிருந்தன. தூக்கிய கை காற்றில் அப்படியே நின்றது. அவர் தலை மெல்ல ஒரு அங்குலம் மேலே எழுந்தது. சின்னவளும், தான் இழுக்கிறோம் என்று தெரியாமலே, மூச்சை உள்ளே இழுத்தாள்.